புடம் பத்தல

போன கார்த்திகையில் என் நெற்றி அரிக்க ஆரம்பித்தது. முதலில் தலைக்கு வைக்கும் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அப்புறம் சோப்பை மாற்றிப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே சிவந்து தடித்த பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, "நெத்தியில என்ன பூசுறீங்க?" என்றார். "திருநீறு" என்றேன். "அது தெரியுதும்மா. என்ன திருநீறு?" என்று திரும்பக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து பூசுகிறேன். பரீட்சைக்குப் போகும்போது, பெண் பார்க்க வந்தபோது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில், எப்போதும் கை அதைத்தான் தேடும். அது என்ன என்று ஒருவர் கேட்டதும் வாயடைத்து நின்றேன்.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் சுவாமி படம், பின்பக்கம் விலை, நடுவில் என்ன வாசனை என்று ஒரு வரி. உள்ளே இருப்பது எதனால் ஆனது என்று எங்கேயும் இல்லை. வாங்கிய கடையில் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. "இது கல்லு மாவும்மா. சாணத் திருநீறு இவ்வளவு வெள்ளையா வராது. அதைக் கேக்குறவங்களும் இப்ப கொறைஞ்சிட்டாங்க" என்றார். ஏதோ ஒரு வெள்ளைக் கல்லை மைபோல அரைத்து வாசனை சேர்த்திருக்கிறார்கள். மருத்துவர் தந்த களிம்பில் அரிப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்தக் கேள்விதான் போகவில்லை.

நீறு என்ற சொல்லே ஒரு வினையிலிருந்து வருவது. நீறுதல் என்றால் எரிந்து பொடியாதல். சுண்ணாம்புக்கும் தமிழில் நீறு என்று பெயர் உண்டு, ஆனால் கிளிஞ்சலையோ கல்லையோ காளவாயில் சுட்டு நீற்றிய பிறகுதான் அந்தப் பெயர். ஆக, சாம்பலோ சுண்ணாம்போ, நெருப்புக்குள் போய் வந்தால்தான் நீறு. பாக்கெட்டில் இருந்தது நெருப்பையே பார்க்காத கல். ஒன்றுமே எரியாமல் அது வெள்ளையாக இருந்தது. அதைத்தான் நான் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு, உயிரைப் பற்றிய அழுக்கான என் மலமெல்லாம் எரியட்டும் என்று வேண்டிப் பூசிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை ஏமாற்றியதாகச் சொல்ல மாட்டேன். நான்தான் கேட்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா இருந்தவரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒவ்வொரு மாசியும் சிவராத்திரி அன்று கொல்லையில் சாண உருண்டைகளை அடுக்கி மூட்டம் போட்டுச் சுடுவார்கள். அதில் கிடைக்கும் நீறு வருஷம் முழுக்க வரும். அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கிழக்கே பார்த்து நின்று, இடது உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, தலையை நன்றாக அண்ணாந்து, மூன்று விரலால் பூசுவார். அண்ணாந்து பூசுவது கீழே சிந்தாமல் இருக்க. ஒரு துளி தரையில் விழுந்தாலும் குனிந்து விரல் நுனியால் ஒற்றி எடுத்துக்கொள்வார். மூன்று கோடு எதற்கு என்று கேட்டால், "ஆணவம், கன்மம், மாயை. இந்த மூணு மலமும் எரிஞ்சு போச்சுன்னு எழுதி வைக்கிறோம்" என்பார். உடனேயே, "எரியல. எரியணும்னு எழுதி வைக்கிறோம்" என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தை அவர் ஒருமுறைகூட விட்டதில்லை.

அவர் போன பிறகு கலயத்தில் இருந்த நீறு ஒன்றரை வருஷம் வந்தது. கடைசிச் சிட்டிகை போன புரட்டாசியில் தீர்ந்தது. அதற்கப்புறம்தான் பாக்கெட்.

பூசினவனும் பார்த்தவனும்

இந்த இடத்தில் எனக்குள்ளேயே ஒரு எதிர்வாதம் எழுந்தது. கல்லாக இருந்தால் என்ன, சாணமாக இருந்தால் என்ன, மனசுதானே முக்கியம்? அப்படிச் சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிடவும் முடியவில்லை, ஏனென்றால் சைவத்தின் பெரிய கதைகளே அந்தப் பக்கம் நிற்பதுபோலத் தெரிகின்றன.

சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் போகும்போது ஏனநல்லூர்ப் பக்கம் வந்தால், "இதுதான் எயினனூர், ஏனாதிநாதர் ஊர்" என்று காட்டுவார். அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர், வாள்வித்தை கற்றுக்கொடுத்தவர் ஏனாதிநாதர். அவரிடம் தோற்றுக்கொண்டே இருந்த அதிசூரன் ஒருநாள் நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறான். வெட்டு விழப்போகும் நொடியில் கேடயத்தை விலக்கி நெற்றியைக் காட்டுகிறான். ஏனாதிநாதர் நின்றுவிடுகிறார். வாளையும் கேடயத்தையும் கீழே போட நினைத்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறார். ஆயுதம் இல்லாதவனைக் கொன்ற பழி அவனுக்கு வரக்கூடாதாம். அப்படியே வெட்டுப்படுகிறார். எட்டு வயதில் இதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. "அவன் பூசினது பொய்தானேப்பா?" என்றேன். "பூசினது பொய் இல்லம்மா. பூசினவன்தான் பொய்" என்றார் அப்பா.

சேரமான் பெருமாள் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சேர நாட்டு அரசுப் பொறுப்பை ஏற்று, திருவஞ்சைக்களத்துக் கோயிலில் கும்பிட்டுவிட்டு, யானைமேல் நகர்வலம் வருகிறார். எதிரே உவர்மண் மூட்டை சுமந்து ஒரு வண்ணார் வருகிறார். மழையில் நனைந்த மண் கரைந்து உடம்பெல்லாம் வழிந்து, காய்ந்து வெளுத்திருக்கிறது. துணி வெளுக்கிற மண். அரசருக்கு அது திருநீறு பூசிய மேனியாகத் தெரிகிறது. யானையை விட்டு இறங்கி வணங்குகிறார். வண்ணார் பதறிப்போய், "அடியேன் அடிவண்ணான்" என்கிறார். அரசர், "அடியேன் அடிச்சேரன்" என்கிறார். திருநீற்று வேடத்தை எனக்கு நினைப்பித்தீர், வருந்தாமல் போங்கள் என்று அனுப்பிவைக்கிறார். பெரியபுராணம் சொல்லும் கதைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான். அங்கே இருந்தது நீறே இல்லை. ஆனால் அரசர் பார்த்தது தவறு என்று அந்தப் புராணம் சொல்லவே இல்லை.

சம்பந்தர் கதையும் இருக்கிறது. மதுரையில் பாண்டியனின் வெப்பு நோய் தீர அவர் பாடிய திருநீற்றுப் பதிகம் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் பூசியது கோயில் மடைப்பள்ளிச் சாம்பல் என்று மதுரைப் பக்கம் ஒரு வழக்கு உண்டு. அடுப்புச் சாம்பல்! சாணம் இல்லை, மந்திரத்தோடு வளர்த்த சிவாக்கினி இல்லை. சோறு வெந்த விறகின் மிச்சம்.

சரி, அப்படியானால் என் கல் மாவு மட்டும் என்ன பாவம் செய்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மார்கழி முழுக்கச் சுற்றினேன். திருநீற்றின் வகைகளைத் தேடிப் படித்தேன். கற்பம், அனுகற்பம், உபகற்பம், அகற்பம் என்று நான்கு சொல்கிறார்கள். கன்றோடு இருக்கும் நோயில்லாத பசுவின் சாணத்தை நிலத்தில் விழுமுன் தாமரை இலையில் ஏந்தி, மந்திரத்தோடு சுட்டெடுப்பது கற்பம். காட்டில் காய்ந்து கிடக்கும் சாணத்தைப் பொடித்து, கோமியத்தில் பிசைந்து சுடுவது அனுகற்பம். இப்படியே படிப்படியாக எளிதாகி, கிடைத்த சாணத்தைச் சுள்ளி போட்டு எரித்து எடுப்பதுவரை இடம் கொடுத்திருக்கிறார்கள். முடியாதவர்களுக்காக எவ்வளவோ இறங்கி வந்திருக்கிறார்கள். நெருப்பை மட்டும் ஒரு வகையிலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தெளிந்தது. ஏனாதிநாதர் கதையும் சேரமான் கதையும் பூசிக்கொண்டவனைப் பற்றியவை இல்லை. இரண்டும் பார்த்தவனைப் பற்றியவை. இன்னொருவர் நெற்றியைப் பார்க்கும்போது இது என்ன நீறு, இவன் யார், உண்மையா வேஷமா என்று ஆராய எனக்கு உரிமை இல்லை. உவர்மண்ணாக இருந்தாலும் இறங்கிக் கும்பிட வேண்டியதுதான். என் நெற்றிக்கு நானே எடுத்துப் பூசும்போது அந்தச் சலுகை கிடையாது. அங்கே நான் கேட்டே ஆக வேண்டும். நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. அடுத்தவர் நெற்றியைப் பார்த்தே ஊர், குலம் எல்லாம் அளந்துவிடுகிறோம். நம் நெற்றியில் ஏறுவது என்ன என்று பார்ப்பதில்லை.

கொல்லையில் மூட்டம்

அந்த மாசியில் நானே சுடுவது என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "செய்யேன்" என்றாள், அவ்வளவுதான். எங்கள் கீழத்தெருவில் ஒரு அக்கா இரண்டு நாட்டுப் பசு வைத்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். எதற்கு என்று கேட்டவர், திருநீற்றுக்கு என்றதும், "அப்ப தரையில விழாம ஏந்திக்கிறேன்" என்று தானே சொன்னார். விடியற்காலையில் மாடு வாலைத் தூக்கும் நேரம் பார்த்து, வாழையிலையைப் பிடித்து, பதினைந்து நாள் ஏந்தித் தந்தார். நான் சனி ஞாயிறுகளில் தஞ்சாவூரிலிருந்து வந்து உருட்டினேன். மற்ற நாட்களில் அம்மா உருட்டிக் காயவைத்தாள். ஆரஞ்சு அளவு உருண்டைகள், முற்றமெல்லாம் வரிசையாக.

மாசியில் இதைச் செய்வதற்குப் பக்திக்கு வெளியேயும் ஒரு காரணம் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. தையில் சம்பா அறுவடை முடிந்திருக்கும். புது வைக்கோல் இருக்கும், தூற்றி ஒதுக்கிய பதர் களத்தில் கிடக்கும், மழை போய் வெயில் வந்திருக்கும், உருண்டைகள் பிளக்காமல் காயும். சிவராத்திரி அன்று மாலை கொல்லையில் பதரைப் பரப்பி, உருண்டைகளை அடுக்கி, மேலே மறுபடியும் பதர், அதற்குமேல் வைக்கோல் போட்டு மூடித் தீ வைத்தேன். பதர் சுடர்விட்டு எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். ராத்திரி முழுக்கப் புகைந்தது. கோயிலில் நான்கு கால பூஜை முடிந்து வந்து பார்த்தபோது வெளியே சாம்பலும், கிளறினால் உள்ளே சிவப்பும். நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஆறியதும் பிரித்தேன். ஓரத்து உருண்டைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. நடுவிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்தேன். உள்ளே கறுப்பு. இன்னொன்று, அதுவும் கறுப்பு. ஏறக்குறைய எல்லாமே வெளியே வெளுத்து, உள்ளே கரியாக நின்றிருந்தன. வெள்ளைத் திருநீறுதான் ஆகும். கறுப்பு, சிவப்பு, புகை நிறமெல்லாம் ஆகாது என்று ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தன் சைவ வினாவிடையில் எழுதிவைத்திருக்கிறார். அப்பா அதைச் சிறு வயதில் மனப்பாடம் செய்ததாகச் சொல்வார். கறுப்பு என்பது வேறொன்றும் இல்லை, எரியாமல் நின்றுபோன பகுதி. கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா செய்தால் பால்போல வருமே, நான் ஏதோ முறையில் தவறிவிட்டேன் என்று.

அம்மா வந்தாள். ஒரு உருண்டையைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல ஆட்டினாள். "புடம் பத்தல. கனமா இருக்கு பாரு. திரும்ப மூட்டம் போடணும்" என்றாள். "அப்பா ரெண்டு தரமா போடுவார்?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கப்பா தீ வைப்பார். மத்தது நான்தான்" என்றாள்.

நாற்பது வருஷம். உருட்டியது, காயவைத்தது, மூட்டம் பிரித்தது, கனம் பார்த்து மறுபடி சுட்டது, வேட்டித் துணியில் சலித்தது, கலயத்தில் கட்டியது, எல்லாம் அம்மா. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையாக நான் பார்த்தது தீ வைக்கும் அப்பாவை, அப்புறம் அவர் நெற்றியை. நடுவில் நடந்தது என் கண்ணில் படவே இல்லை. "பாக்கெட் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "நீ கேக்கலையே" என்றாள். அதில் குறை எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். அப்பா இறந்த பத்தாம் நாள் அம்மாவின் குங்குமத்தை எடுத்தார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை, இன்றுவரை ஆறவும் இல்லை. ஆனால் மறுநாளும் குளித்து வந்து அம்மா திருநீறு பூசினாள். அந்தச் சடங்குக்கு அதன்மேல் கை வைக்க வழியில்லை. அந்த நீற்றைச் செய்தவளே அவள்தான் என்று தெரியாமல் இத்தனை நாள் அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் மூட்டத்தை அம்மா போட்டாள். காற்று போக அடியில் எங்கே இடைவெளி விட வேண்டும், எந்த உருண்டை நடுவில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அடுக்கினாள். தீயை என் கையில் வைக்கச் சொன்னாள்.

அது ஆறும் இரண்டு நாளில் என் தோழியிடம் போனில் பேசினேன். அவள் வைணவக் குடும்பம். தென்கலை, நெற்றியில் பாதம் வைத்த வெள்ளைத் திருமண் நாமமும் நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடும். அவள் அப்பா பன்னிரண்டு இடத்தில் கேசவன் தொடங்கிப் பன்னிரண்டு பெயர் சொல்லி இட்டுக்கொள்வார். உங்கள் திருமண் எதனால் ஆனது என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரி கிராமத்திலிருந்து வருகிறதாம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே ஜடேரி நாமக்கட்டி. வெள்ளை மண்ணைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, மணலும் கசடும் கீழே தங்கத் தெளியவிட்டு, கடைசியில் படியும் வண்டலை எடுத்துக் கட்டியாக்கி வெயிலில் காயவைப்பார்கள். பேசி முடித்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுடையது தண்ணீரில் தெளிந்தது, எங்களுடையது தீயில் வெந்தது. அங்கே பெருமாளின் திருவடியை நெற்றியில் தாங்குகிறார்கள், அதனால் தாங்கும் மண் அடங்கித் தெளிந்திருக்க வேண்டும். இங்கே இல்லாமல் போனதை அணிகிறோம், அதனால் எரிந்திருக்க வேண்டும். இரண்டிலும் பொருளும் செய்முறையும் அர்த்தமும் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. அர்த்தத்தை மட்டும் உருவிக்கொண்டு, கையில் அகப்பட்ட வெள்ளைத் தூளில் அதை ஏற்றிவிட முடியும் என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

சலித்த நாள்

இரண்டாம் தரம் பிரித்தபோது உருண்டைகள் கையில் எடை இல்லாமல் வந்தன. உருவம் அப்படியே இருந்தது, விரல் பட்டதும் உதிர்ந்தது. பால் வெள்ளை இல்லை. பழைய வேட்டியின் வெள்ளை. இரண்டு மூன்று உருண்டைகளில் மிளகளவு கறுப்பு மட்டும் நின்றிருந்தது. அம்மா அவற்றைப் பொறுக்கித் தனியே வைத்தாள், அடுத்த வருஷ மூட்டத்தில் போட. ஆணவம் அழிவதில்லை, அதன் வலுதான் அடங்கும், முத்தியிலும் அது இருக்கும் என்று சைவ சித்தாந்தம் சொல்வதாக அப்பா பேசுவார். எனக்கு அது என்றைக்குமே விளங்கியதில்லை. அந்த மிளகளவு கறுப்பைப் பார்த்தபோது அவர் ஏன் ஒவ்வொரு முறையும் "எரியல, எரியணும்னு" என்று திருத்தினார் என்று பட்டது.

அப்பாவின் வேட்டி ஒன்றைக் கிழித்துப் புதுக் கலயத்தின் வாயில் கட்டி, அதன்மேல் போட்டுத் தேய்த்துச் சலித்தோம். ஒரு கூடை உருண்டை, அரைக் கலயம் நீறுகூடத் தேறவில்லை. சலித்து முடித்துத் துணியை மாற்றிக் கழுத்தைச் சுற்றி அம்மா முடிச்சுப் போட்டபோது என் கை நின்றுவிட்டது. பால் தெளித்த அன்று தம்பி மயானத்திலிருந்து கொண்டுவந்த கலயமும் இதே அளவுதான், இதே மாதிரி துணி கட்டித்தான் வந்தது. காவிரியில் கரைக்கப் போகுமுன் வாசலில் நான் ஒரு நிமிஷம் அதை வாங்கி மடியில் வைத்திருந்தேன். ஆறடி மனிதர். அந்தக் கனம் என் மடிக்குத் தெரியும். அம்மாவும் அதையேதான் நினைத்திருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கீழத்தெரு அக்கா வந்தார். "வெந்துச்சாம்மா?" என்று கொல்லைவாசலிலேயே நின்று கேட்டார். "வெந்துச்சு, வா" என்றாள் அம்மா. அக்கா உள்ளே வந்து, உடம்பைக் குறுக்கி, இரண்டு உள்ளங்கையையும் குழித்துக் கீழே தாழ்த்தி நீட்டினார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் சின்ன வயதிலிருந்து பார்த்தது. மேலேயிருந்து விரல் படாமல் போடுவார்கள், கீழே இப்படித்தான் ஏந்த வேண்டும். தை மாதம் நான் அவருக்குக் கோயில் பிரசாதம் கொடுத்தபோது என் கையும் அந்த உயரத்தில்தான் இருந்தது. அது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை, அம்மா முன்னால் அவர் நீட்டிய கையைப் பார்த்தபோதுதான் பட்டது.

"கையை எடு. நெத்தியக் காட்டு" என்றாள் அம்மா. அக்கா தயங்கினார். அம்மா கலயத்துத் துணியை அவிழ்த்து, மூன்று விரலில் எடுத்து, கண்ணில் விழாமல் இருக்க இன்னொரு கையை அவர் புருவத்துக்குக் கீழே அணையாக வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்திப் பூசினாள். அணைபிடித்த கையில் கொஞ்சம் உதிர்ந்தது. அதைத் தட்டிவிடாமல் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள்.